இல்லாத ட்றைவுக்கு வைத்த பொட்டு

கொக்குவில்,
15.10.1986, புதன்கிழமை.

அன்பு மருமகன் இராசநாயகத்துக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்துநான்கு வருடம் பத்திரிகை நிருபராக இருந்தவனுக்கு இந்த வயதில் ஒழுங்கு மாற்றி எழுத வராது. இன்று பிற்பகல் நான்கு மணி நாற்பது நிமிடத்துக்கு, நீர் இலண்டனிலிருந்து அனுப்பிய கொம்பியூட்டர் எங்கள் சனசமூக நிலையத்தில் இரண்டு டிஸ்க் ட்றைவுகளுடன் வேலை செய்துகொண்டிருந்தது. அவற்றில் ஒன்று மட்டுமே உண்மையில் இருக்கிறது. இத்தகவலை வகுப்பு நடத்தும் பத்மாவதி ரீச்சர் உறுதிப்படுத்தினார். நானும் திரையில் என் கண்ணால் கண்டேன். மாற்றுத் தரப்பையும் கேட்க வேண்டுமென்பதால் கரம் போட் அணித் தலைவர் சிமியோனிடம் விசாரித்தேன். "ஓம் அண்ணை, ரெண்டு எண்டுதான் காட்டுது. ஒண்டைத் தொட்டுப் பாக்கலாம், மற்றதைக் கும்பிடத்தான் ஏலும்" என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

இனி நலம். உமது அம்மா, அதாவது என் தங்கை குணலட்சுமி, சுகமாக இருக்கிறாள். முழங்கால் நோவு மாலையில் மட்டும் வருகிறது. "தம்பி கேட்டால் நோ இல்லையெண்டு எழுதுங்கோ" என்றாள். நான் உள்ளதைத்தான் எழுதுவேன் என்பது அவளுக்கும் தெரியும். உமது மாமி சுகம். நான் சுகம். நீரும் அந்தக் குளிரில் கம்பளிக் காலுறை போட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மின்சாரம் வருகிறது, போகிறது. மற்றைய நிலவரம் நீர் அங்கே வானொலியில் கேட்பதுதான். அதை நான் திருப்பி எழுதப்போவதில்லை.

நீர் அனுப்பிய சாமான் ஓகஸ்ட் இருபத்திரண்டாம் திகதி கொழும்பிலிருந்து லொறியில் வந்து சேர்ந்தது. உமது கடிதத்தில் மூன்று பெட்டிகள் என்று எழுதியிருந்தீர். வந்தவை இரண்டு. ஒன்றில் இயந்திரமும் மற்றதில் திரையும் விசைப்பலகையும் இருந்தன. மூன்றாவது பெட்டியில் வரவேண்டிய இரண்டாம் ட்றைவ் வரவில்லை. நான் சும்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து லொறிக் கந்தோருக்குச் சைக்கிளில் மூன்று தரம் போனேன். அங்கிருந்த எழுதுவினைஞர் ஒவ்வொரு தரமும் அதே துண்டைக் காட்டி, "ஐயா, மூண்டு ஏத்தினது, மூண்டு இறக்கினது. ஒண்டு பிந்தி வந்தது, அதையும் கொண்டந்து வைச்சாச்சு" என்றார். எழுதுவினைஞர், லொறிச் சாரதி, அவருடைய உதவியாள், நிலையத்துக்கு எதிரேயுள்ள மூன்று கடைக்காரர்கள் என்று ஆறு பேரைத் தனித்தனியாக விசாரித்துப் பதினொரு பக்கம் குறிப்பெடுத்தேன். வவுனியாவுக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் லொறிக்காரர்தான் பெட்டியைத் தவறவிட்டார்கள் என்பது என் முடிவு. இந்த முடிவை நான் ஒளித்து வைக்கவுமில்லை. சந்தை, கோயில், தபாற்கந்தோர் எங்கும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அறை விவகாரம். நிலையத்தில் மின்விசிறியும் சுவரில் மின்செருகியும் உள்ள அறை ஒன்றே ஒன்று. பதினொரு வருடமாக அது கரம் அணியின் அறை. அவர்கள் சும்மா விளையாடுகிறவர்கள் அல்லர். வலிகாமம் சுற்றுப்போட்டியில் இரண்டு தரம் கிண்ணம் எடுத்தவர்கள். ஆகவே செப்ரெம்பர் கூட்டத்தில், செயலாளர் என்ற முறையில் என் கையாலேயே எழுதிய தீர்மானம் நாலுக்கு மூன்று வாக்கில் நிறைவேறியது. விஜயதசமி காலையில் இயந்திரம் முதற் பாடத்தை நடத்திக் காட்டினால் அறை பத்மாவதி ரீச்சரின் வகுப்புக்கு. காட்டாவிட்டால் இயந்திரம் அலுமாரிக்கு, அறை திரும்பவும் கரம் போட்டுக்கு.

பத்மாவதி ரீச்சரை நீர் அறிந்திருக்க மாட்டீர். பதினான்கு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறவர். கொம்பியூட்டர் பயிற்சிக்கு மூன்று தரம் விண்ணப்பித்து, மூன்று தரமும் "முதலில் ஆண்கள் பாடசாலைகளுக்கு" என்ற ஒரே பதிலைப் பெற்றவர். நீர் அனுப்பிய சாமான் வந்தது தெரிந்த அன்றே வகுப்புக்குப் பெயர் பதியத் தொடங்கிவிட்டார். பதினாறு பெண் பிள்ளைகள் சேர்ந்தார்கள். பதினேழாவதாக, ஓய்வுபெற்ற மருத்துவமாது அருமைநாயகி அக்கா, வயது அறுபத்தொன்று, தானும் படிக்க வேண்டுமென்று வந்து கதிரையில் இருந்துவிட்டார். தீர்மானத்தை நான் வாசித்துக் காட்டியபோது ரீச்சர் கோபிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: "ஐயா, எழுபத்தொன்பதிலை உந்த அலுமாரிக்குள்ளை வைச்ச தையல் மெசினைப் பிறகு ஆரும் கண்டதோ?" கேள்வியைக் குறித்துக்கொண்டேன். அலுமாரிப் பூட்டின் திறப்பே என்னிடம் இல்லை.

நீர் அனுப்பிய பாடம், டிஸ்கைச் செருகும் ட்றைவ் இரண்டு கேட்கிறது. ஒன்றிலிருந்து பாடத்தை வாசிக்குமாம், மற்றதில் பிள்ளைகள் செய்ததை எழுதுமாம். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அந்த ஒன்றுக்குள்ளேயே, இந்த டிஸ்கை எடு, அதை வை, அதை எடு, இதை வை என்று திரையில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பாடம் முடிவதற்குள் நாற்பத்தாறு தரம் கேட்டதை ரீச்சர் எண்ணினார். அருமைநாயகி அக்கா பன்னிரண்டாம் தரத்தோடு கையை எடுத்துவிட்டார். "பிள்ளை, நான் ஆயிரத்துச் சொச்சம் குழந்தையளை வெளியிலை எடுத்தனான். ஒண்டையும் திருப்பி உள்ளை வைக்கச் சொல்லி ஆரும் கேக்கேல்லை" என்றார். பதினாறு பிள்ளைகளும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

ரீச்சர் விடவில்லை. இயந்திரத்தோடு வந்த தடித்த புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு நாள் வாசித்தார். ஒரு சாமானை எப்படி நடத்துவது என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறு எழுத்துக்கு ட்றைவர் என்று பெயராம். விசேஷமான ட்றைவர் ஒன்று இருக்கிறது. அது இல்லாத சாமானை இருக்கிற மாதிரி நடத்தும். இயந்திரத்தின் ஞாபகத்திலேயே கொஞ்ச இடத்தைப் பிரித்து, இதுதான் உன்னுடைய மற்ற ட்றைவ் என்று அதற்குச் சொல்லிவிடும்; அதுவும் நம்பிவிடும். இதற்கு வேண்டியது ஒரு சின்னக் கோப்பில் ஒரேயொரு வரி. ஆனால் அந்தக் கோப்பை இயந்திரம் எழும்பும்போது ஒருமுறைதான் வாசிக்கும். பிறகு என்ன மாற்றினாலும் நிறுத்தித் திரும்ப எழுப்பும்வரை கவனிக்காது. இதைக் கேட்ட எங்கள் சனசமூக நிலையத் தலைவர் பஞ்சலிங்கம், அவர் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர், முதன்முறையாக இயந்திரத்தின் மேல் மரியாதை கொண்டார். "அப்பிடித்தான் இருக்கவேணும். கூட்டம் துவங்கினாப் பிறகு நிகழ்ச்சி நிரலிலை கை வைக்க விடக்கூடாது" என்றார்.

முதல் நாள் ரீச்சர் அந்த வரியில் முந்நூற்று அறுபது என்று இடம் கேட்டார், டிஸ்கில் உள்ள அளவு அதுவாம். இயந்திரத்தின் முழு ஞாபகமே இருநூற்று ஐம்பத்தாறு. இயந்திரம் ஏதோ இங்கிலிசில் முறைப்பட்டுவிட்டு, கேட்டதைக் கொடுக்காமல் எழும்பியது. பஞ்சலிங்கம் திரையைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, ரெண்டு பரப்புக் காணியிலை மூண்டு பரப்புக் கிணறு வெட்டேலுமே?" என்றார். ரீச்சர் நூற்று இருபத்தெட்டு என்று மாற்றி, நிறுத்தி, எழுப்பினார். அன்று செப்ரெம்பர் இருபத்தேழு, பிற்பகல் மூன்று ஐந்து. இரண்டாம் ட்றைவ் பிறந்தது. சத்தமில்லை, வெளிச்சமில்லை, எடு வை என்ற கேள்வி இல்லை. பாடம் ஓடியது.

"எங்கை இருக்குது உது?" என்று பஞ்சலிங்கம் இயந்திரத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

"ஞாபகத்திலை இருக்குது, ஐயா."

"ஆற்றை ஞாபகத்திலை?"

"மெசினின்ரை."

"மெசின் மறந்துபோனால்?"

"கரண்ட் நிண்டால் மறந்துபோம். அதுதான் ஒவ்வொரு நாளும் நிப்பாட்ட முதல் எல்லாத்தையும் டிஸ்கிலை எழுதி வைக்கிறனான்."

பஞ்சலிங்கம் தலையாட்டினார். விளங்கிவிட்டது என்று நானும் நினைத்தேன். குறிப்பிலும் அப்படியே எழுதினேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை ஆயுத பூசை. ஒன்பது நாளாக அந்த அறையிலேதான் நவராத்திரி நடந்தது. சரஸ்வதி படத்தின் முன்னே, வெள்ளைத் துணி விரித்த பீடத்தின்மேல் கும்பம். அதற்கு வலப்பக்கம் இயந்திரம், இடப்பக்கம் சுவரில் சாய்த்த கரம் போட். ரீச்சர் காலை ஒன்பது மணி தொடங்கிப் பன்னிரண்டரை வரை இருந்து பதினேழு பேரின் பெயரையும், அவரவர்க்கு ஏற்ற கணக்குகளையும் அந்த இல்லாத ட்றைவில் எழுதினார். பிறகு பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு ஒரு மணித்தியாலத்தில் வந்து டிஸ்கில் ஏற்றுகிறேன் என்று, இயந்திரத்தை ஓடவிட்டு, "தயவுசெய்து நிறுத்த வேண்டாம்" என்று கடதாசியில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். அவர் போன இருபதாவது நிமிடம் பஞ்சலிங்கம் குளித்து முழுகி, சந்தனக் கிண்ணமும் பித்தளைத் தட்டமுமாக வந்தார். கடதாசியை முழுவதும் வாசித்தார். "சரஸ்வதிக்கு மேலை ஒரு நோட்டீஸ் இல்லை. இண்டைக்கு ஒரு ஆயுதமும் வேலை செய்யக்கூடாது" என்று சொல்லி, கடதாசிக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு, மெயின் சுவிச்சை இழுத்தார்.

நீர் கேட்பீர், மாமா அங்கேதானே இருந்தீர் என்று. இருந்தேன். நேரத்தையும் குறித்தேன்: பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. நிருபர் சம்பவத்தில் தலையிடுவதில்லை என்ற பழக்கம் முப்பத்துநான்கு வருடத்தில் எலும்புவரை போய்விட்டது. எனக்கு அது சம்பவம் என்று விளங்கவே இரண்டு நிமிடம் எடுத்தது.

பிறகு அவர் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தார். திரைக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று, இருக்கிற ட்றைவின் நெற்றியில் ஒன்று. ரீச்சரின் டிஸ்க் இரண்டையும், ஒன்று அசல், ஒன்று பிரதி, எடுத்துத் தட்டத்தில் புத்தகங்களோடு வைத்தார். அந்த டிஸ்கை நீர் அறிவீர். கறுப்பு உறையின் ஓரமாக நீள்வட்டத்தில் ஒரு வாசல் விட்டிருக்கும். பார்க்கிறவனுக்கு அது பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் மாதிரித்தான் தெரியும். இரண்டுக்கும் தாராளமாக வைத்து, குங்குமமும் அப்பினார். கிண்ணத்தில் இன்னும் சந்தனம் இருந்தது.

"மற்ற ட்றைவ் எங்கை, நமசிவாயம்?"

"அது இல்லை அண்ணை. ஆனால் இருக்குது."

"இல்லையெண்டு விடேலாது. ஒண்டுக்கு வைச்சு மற்றதுக்கு வையாமல் விட்டால் நாளைக்கு எங்களைத்தான் குறை சொல்லும்" என்று சுற்றும்முற்றும் பார்த்தார். வைக்க இடம் காணவில்லை. கடைசியில் குனிந்து, கும்பத்தின் கீழே தொங்கிய வெள்ளைத் துணியில் மிச்சச் சந்தனம் முழுவதையும் ஒரே பொட்டாக வைத்து, "எங்கை இருக்குதோ அங்கை போய்ச் சேரட்டும்" என்றார்.

ரீச்சர் ஒன்றே முக்காலுக்கு வந்தார். நின்ற இயந்திரத்தைப் பார்த்தார், பொட்டு வைத்த கடதாசியைப் பார்த்தார், தட்டத்தைப் பார்த்தார். காலையில் எழுதியது அத்தனையும் போய்விட்டது என்பதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. "பேரைத் திருப்பி எழுதலாம். ஆனால் எழும்புறதுக்கே உந்த டிஸ்க்தான் வேணும். ட்றைவரும் அதிலை, பாடமும் அதிலை" என்றார். குரல் இறங்கிவிட்டது. பஞ்சலிங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் கறுத்து, உடனே சால்வை நுனியை எடுத்துப் பிரதியின் வாசலைத் துடைத்தார், துடைத்தார், இன்னும் துடைத்தார். சந்தனம் போயிற்று. டிஸ்கின் மேல் சால்வைக் கரையின் கோடுகள் விழுந்தன. அசலையும் அவர் எடுக்கப் போன சமயத்தில் வாசலில் நின்ற சிமியோன், "மாஸ்ரர்! கை எடுங்கோ!" என்று போட்ட சத்தத்தில் கும்பத்து மாவிலையே அசைந்தது.

சிமியோன் அங்கே வந்தது மறுநாள் கரம் போட்டை எங்கே வைப்பது என்று அளவு பார்க்க. அதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் சந்தியில் புகைப்பட நிலையம் வைத்திருக்கிறவர்; இருபத்திரண்டு வருடமாக நெகட்டிவ் கழுவுகிறவர். கோடு விழுந்த பிரதியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "ரீச்சர், உதுவும் ஒரு பிலிம்தான். உரசினால் போச்சு, கழுவினால் தப்பும். நான் ஒருக்கால் பாக்கட்டோ?" என்றார். ரீச்சர் அசலை உடனே கொடுக்கவில்லை. நாளைக்கு இது எழும்பாவிட்டால் அறை யாருக்கு என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். இடையில் நின்ற எனக்கும் தெரியும். நான்தான் கேட்டேன், நீர் ஏன் இதைச் செய்கிறீர் என்று. சிமியோன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. "அண்ணை, எதிராளின்ரை காய் மூலையிலை தொங்கிக்கொண்டு நிக்கேக்கை, மேசையைத் தட்டி விழுத்தி வெல்லுறவன் நானில்லை" என்றார். ரீச்சர் இரண்டு கையாலும் டிஸ்கை நீட்டினார்.

சிமியோன் தமது இருட்டறையில் சிவப்பு விளக்கு தேவையில்லை என்று சொல்லிக் கதவைத் திறந்தே வைத்தார். நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். உறையின் ஓரத்தைச் சவர அலகால் நறுக்கி, உள்ளே இருந்த வட்டத் தகட்டை இரு விரல் நுனியால் ஓரம் பிடித்து எடுத்தார். கரம் போட்டில் அடிக்கிற அதே விரல்கள். வடித்த நீரில் இரண்டு சொட்டுச் சவர்க்காரத் தண்ணீர் விட்டு, தகட்டைத் தோய்த்து, மெல்லச் சுழற்றி, மூன்று நீர் மாற்றி அலசினார். சந்தனம் மஞ்சளாகக் கரைந்து தட்டில் இறங்கியது. ஒரு கல்யாண வீட்டுப் பெண் மாப்பிள்ளை நெகட்டிவுக்குப் பக்கத்தில் அதைக் கிளிப்பில் தொங்கவிட்டார். அது காய எடுத்த ஒன்றரை மணித்தியாலமும் பஞ்சலிங்கம் தகட்டுக்கு விசிறி பிடிக்கப் பார்த்தார். தூசி பிடிக்கும் என்று சிமியோன் அவரை இரண்டு தரம் வெளியே அனுப்பினார். காய்ந்த பிறகு, ரீச்சர் கொண்டுவந்த, இன்னும் பிரிக்காத வெறும் டிஸ்க் ஒன்றின் உறையை நறுக்கி, உள்ளே இருந்ததை அகற்றி, இதைச் செருகி, ஓரத்தைப் பசை நாடாவால் ஒட்டினார். ஆறு மணிக்கு வேலை முடிந்தது.

"போட்டுப் பாப்பமே?" என்றார் சிமியோன்.

"ஆயுத பூசையண்டு ஏலாது" என்றார் பஞ்சலிங்கம். சத்தம் இல்லாமல்தான் சொன்னார், ஆனால் அதில் மட்டும் அவர் அசையவில்லை. ரீச்சர் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி ஐயா, விடிஞ்சாப் பிறகே பாப்பம்" என்றார். ஆகவே அந்த டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று ஒருவருக்கும் தெரியாமலே விஜயதசமி விடிந்தது.

திங்கட்கிழமை ஒன்பது பன்னிரண்டுக்கு நேரம் வைத்திருந்தது. நான் எண்ணியதில் எழுபத்துமூன்று பேர். யன்னலுக்கு வெளியே நின்றவர்களைச் சேர்க்கவில்லை. உமது அம்மா முன்வரிசையில் இருந்து, வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும், "என்ரை மகன் அனுப்பினது" என்றாள். கரம் அணியினர் போட்டை வெளி விறாந்தைக்குக் கொண்டுவந்து தயாராக வைத்திருந்தார்கள். ஐயர் தீபம் காட்டினார். பஞ்சலிங்கம், முதல்நாள் இழுத்த அதே கையால், மெயின் சுவிச்சைப் போட்டார். ரீச்சர் டிஸ்கைச் செருகி இயந்திரத்தை எழுப்பினார். அது தன் ஞாபகத்தை எண்ணத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து வானத்தில் ஹெலிகொப்ரர் ஒன்று சுற்றியது. எழுபத்துமூன்று பேரும் மேலே பார்த்தோம், அது கோட்டைப் பக்கம் போனதும் எழுபத்துமூன்று பேரும் திரும்பத் திரையைப் பார்த்தோம். ட்றைவில் சிவப்பு விளக்கு எரிந்தது. கர்ர் என்றது. நின்றது. ரீச்சர் மூச்சு விடவில்லை, சிமியோனும் விடவில்லை. திரும்பவும் கர்ர் என்றது. திரையில் ஒரு வரி வந்தது. அதை ரீச்சர் சத்தமாக வாசிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, "ரெண்டாவதும் வந்திட்டுது" என்று மட்டும் சொன்னார். முதலில் கை தட்டியது விறாந்தையில் நின்ற கரம் அணி. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நடந்ததை எழுதுகிறேன்.

மிச்சமும் கேளும். ஏடு தொடக்காமல் விசையைத் தொடக்கூடாது என்று ஐயர் சொல்ல, வயதில் மூத்த மாணவி என்று அருமைநாயகி அக்காவை முதலில் இருத்தி, விசைப்பலகைக்குப் பக்கத்தில் பச்சையரிசித் தட்டத்தை வைத்து, ரீச்சர் அவருடைய விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்தார். அக்கா உற்சாகத்தில் 'அ'வின் சுழியைக் கொஞ்சம் பெரிதாகச் சுழற்றிவிட்டார். அரிசி பறந்தது. அடுத்த கணம் திரையில், ஒருவரும் தொடாமலே, இங்கிலிசு அகரம் ஒன்று விழுந்தது, இன்னொன்று விழுந்தது, பிறகு வரி வரியாக அதுவே ஓடியது. பஞ்சலிங்கம் இரண்டு கையும் கூப்பி, "பாருங்கோ, பாருங்கோ! மெசின் தானாய் ஏடு துவக்குது!" என்றார். உமது அம்மா உட்படப் பலர் எழுந்து கும்பிட்டார்கள். ரீச்சர் விசைப்பலகையைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். இரண்டு அரிசி மணி விழுந்தது. ஏடு தொடக்கம் நின்றது. அதன் பிறகு பாடம் நடந்தது. பதினேழு பேரும் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள். எடு, வை என்று இயந்திரம் ஒருதரமும் கேட்கவில்லை. ஒவ்வொருவர் எழுந்தபோதும் ரீச்சர், "அடுத்தது ஆர்?" என்று கேட்ட குரல் ஏறிக்கொண்டே போயிற்று. பதினேழாவது பிள்ளை எழுந்த பின்னும் கேட்டார். ஒருவரும் இல்லாததால் சிமியோன் போய் இருந்தார். அவருடைய பெயர் பதினெட்டாவதாகப் பதியப்பட்டது.

அறை வகுப்புக்கு என்று அன்றே எழுதியாயிற்று. ஆறு மணிக்குப் பிறகு அதே மேசையில் கரம் போட் என்பது ரீச்சரின் பிரேரணை, பஞ்சலிங்கம் ஆமோதித்தார், எதிர்ப்பு இல்லை. இனிமேல் ஆயுத பூசைக்கு டிஸ்கின் உறைக்கு மட்டும் பொட்டு என்றும் ஒரு தீர்மானம் உண்டு.

ஆகவே உம்மிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். லொறிக்காரரின் கவனயீனத்தால் தொலைந்துபோன இரண்டாம் ட்றைவுக்குப் பதிலாக இன்னொன்றை, முடிந்தால் நம்பிக்கையான ஒருவர் கையில், அனுப்பி வையும். இல்லாத ட்றைவ் நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் மின்சாரம் போகும் ஒவ்வொரு தரமும் ரீச்சர் முதலிலிருந்து எழுதுகிறார். இதை உமது அம்மாவின் முன்னிலையில் எழுதுகிறேன். அவள், "தம்பியைக் கரைச்சல்படுத்தாதேங்கோ, ஆனால் கட்டாயம் எழுதுங்கோ" என்கிறாள். நீர் எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, உத்தியோகத்தில் உயர்ந்து, ஒருதரம் வந்து இந்தப் பதினெட்டுப் பேரின் கணக்கையும் பார்த்துப்போக எல்லாம் வல்ல முருகன் அருள்வான்.

இப்படிக்கு,
உமது மாமா
க. நமசிவாயம்

பி.கு.: திருத்தம். மேலே லொறிக்காரரைப் பற்றி எழுதியது முழுவதும் தவறு. கடிதத்தை ஒட்டக் கோந்து எடுக்க நான் நிலையத்துக்குப் போன நேரத்தில், உதிர்ந்த பூவைக் கூட்டிக்கொண்டிருந்த அருமைநாயகி அக்கா, கும்பத்தின் கீழே உருண்ட தேசிக்காயை எடுக்க வெள்ளைத் துணியின் கரையை உயர்த்தினார். கீழே பீடம் இல்லை, பெட்டி இருந்தது. அதன் பக்கத்தில் உமது கையெழுத்தில், "மாமாவுக்கு: இரண்டாம் ட்றைவ்." ஒன்பது நாளும் அதற்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்து தேவாரம் பாடியவர்களில் நானும் ஒருவன். பஞ்சலிங்கத்தைக் கேட்டேன். "விறாந்தையிலை ஒரு பெட்டி கிடந்தது, கும்பம் வைக்க அளவாயிருந்தது. நீர் ஒருக்காலும் என்னட்டைக் கேக்கேல்லையே?" என்றார். உண்மை. ஆறு பேரை விசாரித்தேன்; தலைவரை விசாரிப்பது மரியாதை அல்ல என்று விட்டிருந்தேன். புதிய ட்றைவ் அனுப்ப வேண்டாம். நாளை காலை லொறிக் கந்தோருக்கு நான்காம் தரம் போகிறேன், இந்தமுறை மன்னிப்புக் கேட்க.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சலிங்கம் இல்லாத ட்றைவுக்கு வைத்த சந்தனப் பொட்டு, துணியில் ஊறி, உமது கையெழுத்தின் மேல் நேராகப் படிந்திருக்கிறது. அவர் அதைக் கண்டார். எங்கள் எல்லோரையும் ஒருதரம் பார்த்தார், அவ்வளவுதான். ரீச்சருக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் எடுத்தது. பெட்டியை இன்னும் திறக்கவில்லை. கும்பத்தை ஐயர்தான் இறக்கவேண்டும், அவர் தமக்கை வீட்டு விசேஷத்துக்கு உடுப்பிட்டி போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்குத் திரும்பிவிடுவார் என்று அவருடைய வீட்டார் தெரிவித்தனர். அதுவரை இல்லாதது வேலை செய்கிறது. இருப்பது கும்பத்தைத் தாங்குகிறது.